எல்லாருக்கும் மாதம் ஆயிரம்: ரிசர்வ் வங்கியே உருவாக்கிக் கொடுத்தால் எங்கே இடிக்கும்?

காரைக்குடி வாசகர்:
நம்ம மாநிலத்தில் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் இருந்து மாதம் 1,000 ரூபாய் வருது. அதையே நாடு முழுக்க வயது வந்த எல்லாருக்கும் கொடுக்க வரியோ கடனோ எதுக்கு? ரூபாய் நம்ம ரூபாய். ரிசர்வ் வங்கி நேரா அரசுக் கணக்கில் வரவு வைத்தால் வட்டியும் இல்லை, தவணையும் இல்லை. "விலைவாசி ஏறும்"னு ஒரு வரியில் முடிக்காம கணக்கோட சொல்லுங்க.

பேரேடு:
2024 தேர்தல் பட்டியலில் சுமார் 97 கோடிப் பேர். தலைக்கு 12,000 என்றால் வருஷத்துக்கு 11.6 லட்சம் கோடி.

இப்போ ஐந்தொகை (வரவு-பொறுப்புக் கணக்கு) போட்டுப் பாருங்க. ரிசர்வ் வங்கி அரசின் கடன் பத்திரத்தை வாங்கி அரசுக் கணக்கில் வரவு வைக்குது. அரசு அனுப்பினதும் பணம் மக்களோட சேமிப்புக் கணக்குக்கு வரும். அதே அளவு பணம் அந்த வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியில் இருப்பாகச் சேரும். மக்கள் நோட்டா எடுத்து வைத்துக்கொள்ளும் பகுதிக்கு வட்டி கிடையாது. புழக்கத்தில் உள்ள நோட்டு 2024-25ல் கூடியதே சுமார் 2 லட்சம் கோடி. அந்த அளவு நோட்டா போனாலும் மீதி 9.6 லட்சம் கோடி வங்கியிலேயே நிற்கும். அதில் ரொக்க இருப்பு விகிதத்துக்கு (டெபாசிட்டில் வங்கிகள் வட்டியில்லாமல் ரிசர்வ் வங்கியில் கட்டாயம் வைக்கும் பங்கு) 3% கழித்தால் 9.3 லட்சம் கோடி உபரி.

சும்மா கிடக்கும் பணத்தை வங்கிகள் ஒன்றுக்கொன்று ஓரிரவுக் கடனாகத் தள்ளும். அந்த வட்டி ரெப்போவுக்கு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டிக்கு) கீழே சரியும். சரியாமல் தடுக்க ரிசர்வ் வங்கியே வட்டி கொடுத்து அதை வாங்கி வைக்கணும். 5% என்று வைத்தால் 46,500 கோடி. பணம் திரும்பி வராததால் குவியல் வருஷா வருஷம் வளரும். ஆறு வருஷக் குவியலுக்கு வருஷ வட்டி 2.79 லட்சம் கோடி. ரிசர்வ் வங்கி 2024-25க்கு அரசுக்குக் கொடுத்த லாப உபரியே 2.69 லட்சம் கோடிதான்! வட்டி இல்லைன்னு நினைச்சது கொல்லைப்புறமா வந்து நிற்கும்.

ரொக்க இருப்பு விகிதத்தை ஏத்தி முடக்கலாமேன்னு கேட்பாங்க. முடக்கலாம். ஆனா வங்கி அந்த நஷ்டத்தை டெபாசிட் வட்டியில் குறைக்கும், கடன் வட்டியில் ஏத்தும். பெயர் வைக்காத வரி அது.

கானாடுகாத்தான்:
சட்டமும் குறுக்கே நிற்குது. அட்ஹாக் கருவூல உண்டியல் (அரசு ரிசர்வ் வங்கிக்கே எழுதிக் கொடுத்த குறுகிய காலக் கடன் சீட்டு) மூலமா இப்படி எடுக்கும் பழக்கம் 1997ல் நிறுத்தப்பட்டது. 2003 நிதிப் பொறுப்புச் சட்டப்படி, 2006 ஏப்ரலில் இருந்து மத்திய அரசின் பத்திரத்தை முதல் வெளியீட்டிலேயே ரிசர்வ் வங்கி வாங்கக் கூடாது. போர், பேரிடர் மாதிரி சில விலக்கு உண்டு. மாதாமாதம் கொடுக்கும் தொகை அதில் அடங்காது. சந்தையில் கைமாறும் பத்திரத்தை வாங்கலாம். வழிவகை முன்பணமும் (ரிசர்வ் வங்கி அரசுக்குக் கொடுக்கும் தற்காலிகக் கைமாற்று) உண்டு, ஆனா அதை மூன்று மாதத்துக்குள் அடைக்கணும்.

ஆத்தங்குடி:
விலை எங்கே ஏறும்னு பொருள் பொருளா பார்க்கணும். அரிசிக்கு உணவுக் கழக இருப்பு இருக்கு, ஓரளவு தாங்கும். சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. அதை மக்கள் கூடுதலா வாங்கினால் டாலர் தேவை கூடி ரூபாய் இறங்கும். எங்க ஊர் தரைக்கல்லை எடுங்க: கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றி, கையால் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிற வேலை. ஆர்டர் இரட்டித்தாலும் அடுத்த மாதமே கல் இரட்டிக்காது, விலைதான் ஏறும்.

பணவீக்கம் 6% தாண்டினால் ரெப்போவை ஏத்துவாங்க. ஏத்தினால் பேரேடு அண்ணே சொன்ன அந்த 5%மும் கூடவே ஏறும்.

பர்மா, மலாயாவில் ஜப்பான் ஆக்கிரமிப்பு ஆட்சி அடித்த நோட்டு 1945ல் செல்லாமல் போனதை இங்கே உதாரணம் சொல்வாங்க. அது பொருந்தாது. அங்கே பண்டமும் இல்லை, நோட்டு அடித்த ஆட்சியும் போயிடுச்சு.

காரைக்குடி வாசகர்:
அப்போ நோட்டுல கூடுற அந்த 2 லட்சம் கோடியையாவது பங்கு வைக்கலாமே?

பேரேடு:
தலைக்கு மாதம் 172 ரூபாய் வரும். ஆனா நோட்டுக்கு எதிரா ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் பத்திரமும் டாலரும் ஈட்டும் வட்டிதான் உபரியா பட்ஜெட்டுக்குப் போகுது. அந்த முதல் தொகையை இன்னைக்கே பங்கு வெச்சா, அடுத்த வருஷப் பட்ஜெட்டில் அந்த வட்டி வரவு இருக்காது.