புதுப்பிப்பு: குளத்தை மூடியிருப்பது அசோலா அன்று, சால்வீனியா

எங்கள் ஊர்க் குளத்தை மூடியிருக்கும் மிதவைச் செடி, மாட்டுத் தீவனமாக வளர்க்கும் அசோலாதானா என்று முன்பு கேட்டிருந்தேன். அது தென்கிழக்குப் பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட சால்வீனியா மொலெஸ்டா என்பது இப்போது உறுதியாகிவிட்டது. இலையின் மேலுள்ள மயிர்கள் நான்காகப் பிரிந்து, நுனியில் மீண்டும் ஒன்றுசேர்ந்து சிறு கூண்டு போல நிற்பதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தாலே தெரியும்; அசோலாவில் இந்த அமைப்பு கிடையாது. நீருக்குள் வேர் போலத் தொங்குவதும் உண்மையில் உருமாறிய இலையே.

இச்செடி வளமான வித்துகளை உண்டாக்காமல் ஒடிந்த துண்டுகளிலிருந்தே பெருகுவதால், மிகைநீர் வழியும் கலிங்கில் வலை கட்டி, கீழ்க் குளத்துக்குத் துண்டுகள் போகாமல் தடுத்த பின்னரே வாரத் தொடங்கினோம். வாரியதை மழைநீர் திரும்ப இழுத்து வராத மேட்டில் காயவைக்கிறோம். மாடுகள் நீர் குடிக்கும் குளத்தில் களைக்கொல்லி தெளிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சிலர் பரிந்துரைத்த, இச்செடியைத் தின்னும் சிர்டோபேகஸ் கூன்வண்டு 1980களில் கேரளத்திலும் இலங்கையிலும் நல்ல பலன் தந்தது மெய்தான். ஆனால் அதைத் தனியாட்கள் கொண்டுவந்து விடுவது முறையன்று என்பதால், வேளாண் துறை அலுவலரிடம் கேட்டிருக்கிறோம். வலையையும் பரிசலையும் அடுத்த குளத்துக்கு எடுத்துச் செல்லுமுன் கழுவிக் காயவைக்க மீன் குத்தகைதாரர் ஒப்புக்கொண்டுள்ளார்.