டர்பன் நண்பர்களே, பழைய பெயிண்ட் விஷயமாக ஓர் உதவி

வணக்கம். சாட்ஸ்வொர்த்தில் 1960களில் கட்டிய வீடொன்றில் குழந்தைகள் காப்பகம் நடக்கிறது. ஜன்னல் சட்டத்துப் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து, தவழும் பிள்ளைகளின் ஈர விரலில் ஒட்டுகிறது. அதில் ஈயம் இருக்கலாம். பெயிண்ட் செதிலைச் சோதித்துத் தரும் லேப் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுரண்ட வர விரும்புவோருக்கு: காய்ந்த பெயிண்டில் உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், தூசிதான் வினை. தண்ணீர் தெளித்துச் சுரண்டி, கீழே தடித்த பிளாஸ்டிக் விரித்து, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துடைப்பம் ஆகாது. பிள்ளைகள் அன்று அங்கே இருக்கக் கூடாது.

ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு கவனமும் வாசிப்பும் தடுமாறும். விரல் குத்தி எடுத்த ரத்தத்தில் அளவு கூடினால், ரத்தக்குழாயில் ஊசியால் எடுத்து உறுதிசெய்யுங்கள். கை அழுக்கும் கணக்கைக் கூட்டிக் காட்டும்.

மீன்பிடிக்கிற அண்ணன்மார் தூண்டில் ஈயத்தைச் சமையலறையில் உருக்குவதையும் நிறுத்தினால் புண்ணியம்.