ரிசர்வ்: அளவா, வழியா, நிகழ்வா?

பொருள்: 'ரிசர்வ்' – சொல் தேவை

அன்புள்ள குழுவினருக்கு,

மோட்டார் சைக்கிள் பழுதுநீக்கச் சொற்பட்டியலில் எரிபொருள் பகுதி ஒரே சொல்லால் நின்றுபோயிருக்கிறது: ரிசர்வ். வந்த பரிந்துரைகள் மூன்று: சேமிப்பு, கையிருப்பு, ஒதுக்கெரிபொருள். முதல் சொல் வங்கிக் கணக்கை நினைவூட்டுகிறது. கடைசிச் சொல்லைக் கேட்டால் பெட்ரோலுக்கும் இடஒதுக்கீடா என்பார்கள். கையிருப்பு என்றால் டேங்கில் உள்ள மொத்தமும்தான் பொருள்படும்.

நான் முன்வைப்பது 'அடியிருப்பு'. டேங்குக்குள் தனியாக ஒரு குட்டி டேங்க் இருப்பதாக நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அப்படி எதுவும் கிடையாது. அதே டேங்கின் அடியில் கிடக்கும் பெட்ரோல்தான் ரிசர்வ். சொல்லைக் கேட்டதுமே இது விளங்கவேண்டும்.

* * *

மறு: 'ரிசர்வ்' – சொல் தேவை

> அதே டேங்கின் அடியில் கிடக்கும் பெட்ரோல்தான் ரிசர்வ்.

சரிதான் ஐயா, ஆனால் ஒரு சொல் போதாது. பட்டறையில் "ரிசர்வ் எவ்வளவு?" என்று கேட்டால் அளவு. "ரிசர்வ்ல போடு" என்றால் டேங்கின் அடியிலுள்ள பெட்ரோல் டேப்பைத் திருப்பும் நிலை. "ரிசர்வ் விழுந்துடுச்சு" என்றால் நடந்த சம்பவம். மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் பழுதைப் பிரித்துச் சொல்லவே முடியாது.

அமைப்பைப் பாருங்கள். டேப்பின் தலையிலிருந்து ஒரு சின்னக் குழல், பெரும்பாலும் பித்தளை, டேங்குக்குள் நிமிர்ந்து நிற்கிறது. 'ஆன்' நிலையில் அந்தக் குழலின் உச்சி வழியாக மட்டுமே பெட்ரோல் இறங்கும். மட்டம் உச்சிக்குக் கீழே போனதும் வழி வறண்டுவிடும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரின் கிண்ணத்தில் மிச்சமிருப்பது தீரும்வரை ஓடி, பிறகு எஞ்சின் திணறும். டேப்பை 'ரிசர்வ்' பக்கம் திருப்பினால் குழலின் அடியில் உள்ள துளை திறக்கிறது. ஆக, ரிசர்வ் அளவைத் தீர்மானிப்பது குழலின் உயரம். நம் ஊர் 100–150 சிசி வண்டிகள் பலவற்றில் இது ஒன்றிலிருந்து இரண்டு லிட்டருக்குள் வரும்.

இப்போது பழுதுக்கு வருவோம். குழல் அடியில் கழன்றாலோ வெடித்தாலோ 'ஆன்' நிலையிலேயே கடைசிச் சொட்டுவரை இறங்கிவிடும். "ரிசர்வ் விழவே இல்லை, நேராகக் காலி" என்று வருகிற வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது, முன்பு ரிசர்வில் போட்ட டேப்பை பெட்ரோல் நிரப்பியபின் திருப்பாமல் விட்டார்களா என்பது. அது இல்லையென்றால் குழல். இதற்கு நேரெதிர் புகார்: ரிசர்வ் விழுந்தது, டேப்பைத் திருப்பியும் வண்டி எழவில்லை, டேங்கை ஆட்டினால் பெட்ரோல் தளும்புகிறது. இங்கே அடித்துளை அடைத்திருக்கிறது. முதலாவதில் அளவே இல்லாமல் போகிறது. இரண்டாவதில் அளவு இருக்கிறது, வழி இல்லை. இரண்டையும் 'ரிசர்வ் வேலை செய்யவில்லை' என்று எழுதினால் கையேடு எதற்கு?

* * *

மறு: மறு: 'ரிசர்வ்' – சொல் தேவை

அளவுக்கு 'அடியிருப்பு' இருக்கட்டும். டேப்பின் நிலைகளுக்கு ஏரிப் பாசனத்தில் சொல் கிடைக்கிறது. ஒரே கண்மாயில் மடைகள் வெவ்வேறு மட்டத்தில் இருக்கும்: மேட்டுமடை, பள்ளமடை. நீர்மட்டம் இறங்கியதும் மேட்டுமடை முதலில் நின்றுபோகும். பள்ளமடையில் அப்புறமும் பாயும். 'ஆன்' மேட்டுமடை, 'ரிசர்வ்' பள்ளமடை. வேலை செய்யும் விதம் அப்படியே பொருந்துகிறது.

தனிமடலில் ஒருவர் 'கடைமடை' என்று எழுதியிருந்தார். அது வேண்டாம். கடைமடை என்பது வாய்க்காலின் கடைசியில் உள்ள பாசனப் பகுதி, மட்டத்தைக் குறிக்காது.

டேப்புக்கும் சொல் யோசிக்க வேண்டும். 'குழாய்' என்று எழுதினால் பைப்பா டேப்பா என்ற குழப்பம் தமிழில் தீராது. 'மடைத்திருகு' எனலாமா? உள்ளே நிற்பது 'நிலைக்குழல்'.

* * *

மறு: மறு: மறு: 'ரிசர்வ்' – சொல் தேவை

பள்ளமடை மிகவும் பிடித்திருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு: வண்டல் சேர்வது பள்ளத்தில்தானே. டேங்கின் துரு, தூசி, நீர் எல்லாம் அடியில்தான் தங்கும். நீர் பெட்ரோலைவிடக் கனம். எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் நீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும்; அளவு மீறினால் எத்தனாலும் நீருமாகப் பிரிந்து அடியில் தனிப்படலமாக நிற்கும். மாதக்கணக்கில் மேட்டுமடையிலேயே ஓடிய வண்டி, பள்ளமடையைத் திறந்த சில நிமிடங்களில் இடறினால் இந்தக் கசடுதான் காரணம். கார்புரேட்டர் கிண்ணத்தின் வடிகால் திருகைத் தளர்த்தி கண்ணாடிக் குவளையில் பிடித்தால், அடியில் நீர்த்துளிகள் உருண்டு நிற்பது தெரியும்.

மடைத்திருகு பற்றி எனக்கு ஐயம் இருக்கிறது. பட்டறையில் 'பெட்ரோல் டேப்பு' என்பதை யாரும் விடப்போவதில்லை. கையேட்டில் ஒருமுறை இரண்டையும் சேர்த்துக் காட்டிவிட்டு டேப்பு என்றே தொடரலாம்.

சோதனைமுறைக்கான வரைவு கீழே. சொற்கள் இதில் நிற்கின்றனவா பாருங்கள்.

"எஞ்சின் ஆறியபின், திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்போ பற்றவைத்த பீடியோ இல்லாமல் செய்க. டேப்பை மூடி, பெட்ரோல் ஓசினை (ரப்பர் ஹோஸ்) கார்புரேட்டர் முனையில் கழற்றி, அளவுக்கோடு உள்ள குவளைக்குள் விடுக. மேட்டுமடையை ஒரு நிமிடம் திறந்து எவ்வளவு வந்தது என்று பார்க்க. பிறகு பள்ளமடையிலும் அப்படியே. லிட்டருக்கு 50 கி.மீ. தரும் வண்டி 60 கி.மீ. வேகத்தில் மணிக்கு 1.2 லிட்டர் குடிக்கும், அதாவது நிமிடத்துக்கு 20 மி.லி. முறுக்கி ஓட்டினால் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஆகவே நிமிடத்துக்கு 100 மி.லி.க்குக் குறையாமல் அறாத தாரையாக விழவேண்டும். தாரையாகத் தொடங்கி சொட்டாகச் சுருங்கினால் டேங்க் மூடியைத் திறக்க. உடனே தாரை திரும்பினால் டேப்பைத் தொடவேண்டாம். மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது."

இது ஈர்ப்பில் இறங்கும் சாதாரண டேப்புக்கு. எஞ்சினின் உறிஞ்சலில் திறக்கும் டேப்பானால் எஞ்சின் ஓடாதபோது ஆன், ரிசர்வ் இரண்டிலுமே வராது. உறிஞ்சல் இல்லாமலே வழி திறக்கும் 'பிரைம்' நிலையில் வைத்துப் பார்க்கவேண்டும். அதன் உறிஞ்சல் குழாய்க்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்ளிருக்கும் சவ்வு கிழிந்துவிட்டது.

* * *

மறு: மறு: மறு: மறு: 'ரிசர்வ்' – சொல் தேவை

வரைவு நன்று. மூன்றாவது பொருள் விட்டுப்போயிற்று: விழுவது. 'மேட்டுமடை வறட்சி' என்று வைக்கலாமா? பயன் என்னவென்றால், ரிசர்வ் விழுந்ததைப் போலவே தோன்றி ஏமாற்றும் பழுதுகளை 'போலி வறட்சி' என்று ஒரே தலைப்பில் சேர்க்கமுடியும். மூடித்துளை அடைப்பு அதில் ஒன்று. நீண்ட மலை இறக்கம் இன்னொன்று: பல வண்டிகளில் டேப்பு டேங்கின் பின்பக்கத்தில் இருப்பதால், கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளில் இறங்கும்போது பெட்ரோல் முன்பக்கம் ஒதுங்கி, மட்டம் குறைவாக இருந்தால் குழல் உச்சி வெளியே தெரிந்துவிடும். சமதரைக்கு வந்ததும் சரியாகும். ஓசு சிலிண்டர் தலையை ஒட்டிக் கிடந்தால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை மறிக்கும், இதற்கு 'ஆவியடைப்பு'. ஓசினை அளவுக்கு மேல் நீளமாக வெட்டிச் செருகினாலும் அது மடிந்து நெரியும். காருக்கான காகித வடிகட்டியைச் செருகுவதும் தவறு. அது பம்பின் அழுத்தத்துக்குச் செய்தது. அரையடி உயர ஈர்ப்பில் பெட்ரோல் அதைத் தாண்ட முக்கும்.

டேப்பைக் கழற்றுவது பற்றியும் இரண்டு வரி சேர்க்க வேண்டும். டேங்கை முழுதாக வடித்தபின் கழற்றுக. குழல்மேல் உள்ள வலையைத் தூரிகையால் கழுவி, அடித்துளையில் மெல்லிய நைலான் நரம்பை விட்டு எடுக்க, கம்பி வேண்டாம். கைப்பிடிக்குப் பின்னால் உள்ள துளையிட்ட ரப்பர் வட்டை பெட்ரோலில் ஊறி உப்பியிருந்தால் துளைகள் சுருங்கியிருக்கும், மாற்றிவிட வேண்டும். ஓ-வளையம் புதிது போடுக. இரண்டு போல்ட் வகையில் போல்ட் தலைக்கு அடியிலுள்ள நார் வாஷரைத் தொலைத்துவிட்டு வெறும் இரும்பு வாஷர் போட்டால் போல்ட் மரை வழியே கசியும். இதை டேப்புக் கோளாறு என்று எண்ணி டேப்பையே மாற்றுபவர்கள் அதிகம்.

* * *

மறு: மறு: மறு: மறு: மறு: 'ரிசர்வ்' – சொல் தேவை

ஒரு கேள்வி. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 (புகை அளவு விதி) வந்தபின் புது வண்டிகளில் கார்புரேட்டர் போய், அநேகமாகப் பெட்ரோலைப் பம்பால் அழுத்திப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன்தான். டேப்பே இல்லை. பள்ளமடை அங்கே எப்படிப் பொருந்தும்?

* * *

மறு: மறு: மறு: மறு: மறு: மறு: 'ரிசர்வ்' – சொல் தேவை

பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம். அங்கே பம்பு டேங்குக்குள் அடியிலிருந்தே இழுக்கிறது, மடை ஒன்றுதான். மீட்டரில் விளக்கு எரிவது மிதவை காட்டும் மட்டத்தால். ஆகவே 'அடியிருப்பு', 'அடியிருப்பு விளக்கு' இரண்டும் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கும் செல்லும். மேட்டுமடை, பள்ளமடை, மேட்டுமடை வறட்சி மூன்றும் கார்புரேட்டர் வண்டிக்கு மட்டும். சொற்களைப் பிரித்ததில் கிடைத்த லாபம் இது.

சோதனைமுறையின் தலையிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும்: இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஓசினை அப்படியே உருவக்கூடாது, உள்ளே அழுத்தத்தில் பெட்ரோல் நிற்கிறது, பீய்ச்சி அடிக்கும். விளக்கு எரிந்தபின்னும் தொடர்ந்து ஓட்டும் பழக்கமும் ஆகாது. பம்பைக் குளிர்விப்பதே சுற்றியிருக்கும் பெட்ரோல்தான்.

மடைத்திருகை அடைப்புக்குறிக்குள் வைத்து, மற்றவற்றைப் பட்டியலில் ஏற்றுகிறேன். 'நிலைக்குழல்' மட்டும் வேறு துறையில் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறதா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.