பெங்களூரு மாடியிலிருந்து நெபுலா: நேரோபேண்ட் ஃபில்டரில் எடுப்பவர்கள் சொல்லுங்கள்

அல்சூர் மாடி:
நகரத்துக்குள்ளிருந்தே நெபுலாவை (விண்வெளி வாயு மேகம்) நேரோபேண்டில், அதாவது அந்த வாயு உமிழும் ஒரு நிறக் கோட்டை மட்டும் உள்ளே விடும் ஃபில்டரில் எடுப்பவர்கள் தங்கள் கணக்கு வழக்கை இங்கே கொட்டுங்கள். எந்த ஃபில்டர், எத்தனை நொடி, எது சொதப்புகிறது, ஏன் என்பது போதும்.

முதலில் என் பங்கு. ஹெச்-ஆல்ஃபா (ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு) இந்த ஊரில் பெரிய சவாலே இல்லை. அதன் கோடு 656.3 நானோமீட்டரில் இருக்கிறது. வெள்ளை எல்இடி தெருவிளக்கின் ஒளி அங்கே வருவதற்குள் பெரிதும் வடிந்துவிடுகிறது. அடி வாங்குவது ஓ3 (ஆக்ஸிஜனின் நீலப்பச்சைக் கோடு). எல்இடிக்கு 450 பக்கம் நீல முகடு, 480 பக்கம் பள்ளம், அதற்கப்புறம் ஏறும் சரிவு. ஓ3-இன் 500.7 அந்தச் சரிவில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் சோடியம் விளக்கு இன்னும் எரிகிற தெருவென்றால் கூடுதல் தொல்லை: உயர் அழுத்த சோடியத்துக்கு 498 நானோமீட்டர் அருகே ஒரு கோடு உண்டு. 7 நானோமீட்டர் அகலப் பட்டை கொண்ட ஓ3 ஃபில்டர் 497.2 முதல் 504.2 வரை திறந்திருப்பதால் அதையும் உள்ளே விடும். 3 நானோமீட்டர் ஃபில்டர் 499.2-லேயே கதவைச் சாத்திவிடும்.

எனவே விலை கூடிய 3 நானோமீட்டர் ஃபில்டர் ஒன்றுதான் கைக்கு எட்டும் என்றால் அதை ஓ3-க்கு வாங்குங்கள். ஹெச்-ஆல்ஃபா 7-லேயே ஓடும். அதில் 658.4-இல் உள்ள நைட்ரஜன் கோடும் சேர்ந்து வரும். படம் அழகாக வந்தால் போதும் என்பவர்களுக்கு அது நஷ்டமில்லை.

ஜெயநகர் 4-வது பிளாக்:
அல்சூர் சார் சொல்வது சரி, ஆனால் ஒரு நிபந்தனை போட வேண்டும். 3 நானோமீட்டர் வாங்குமுன் டெலஸ்கோப்பின் எஃப் விகிதத்தை (குவிய நீளத்தை விட்டத்தால் வகுத்தது) பாருங்கள். ஒளி சாய்ந்து விழுந்தால் ஃபில்டர் கடத்தும் பட்டை நீலப் பக்கம் நகரும். எஃப்/5-இல் விளிம்புக் கதிர் 6 டிகிரிக்குள் வருகிறது, நகர்வு ஒரு நானோமீட்டருக்கும் குறைவு, கவலையில்லை. எஃப்/2-இல் அதே கதிர் 14 டிகிரி சாய்கிறது. ஹெச்-ஆல்ஃபாவில் நகர்வு 4 நானோமீட்டரைத் தாண்டிவிடும். சாதாரண 3 நானோமீட்டர் ஃபில்டரை அங்கே மாட்டினால் நெபுலா மங்கி, நட்சத்திரம் மட்டும் மிஞ்சும். அந்த வகை டெலஸ்கோப்பில் நடுவில் கேமரா மறைப்பதால் நேராக வரும் கதிர்தான் முதலில் போகிறது. மிச்சமிருப்பதெல்லாம் சாய்ந்த கதிர். அதற்கென்று முன்கூட்டியே நகர்த்திச் செய்த ஃபில்டர் வேண்டும்.

இன்னொன்று. ஃபில்டரின் கண்ணாடி தன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஃபோகஸைப் பின்னே தள்ளும். 2 மில்லிமீட்டர் ஃபில்டர் என்றால் ஃப்ளாட்னருக்கும் (படத்தின் மூலை வரை ஃபோகஸைத் தட்டையாக்கும் லென்ஸ்) சென்சாருக்கும் நடுவே 55 அல்ல, 55.7 மில்லிமீட்டர் இடைவெளி. 0.5, 0.2 மில்லிமீட்டர் வளையங்கள் இதற்காகத்தான். மூலையில் நட்சத்திரம் இழுத்துக்கொண்டு நிற்பதற்குப் பாதி நேரம் காரணம் இதுதான்.

எலஹங்கா:
வடக்கே இருப்பவர்களின் கஷ்டம் தனி. தெற்கு வானம் முழுக்க நகரத்தின் தலைக்கு மேல், வடக்கே விமான நிலையம். விமானக் கோடுகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒரு ஃபில்டருக்கு 15, 20 ஃப்ரேம் இருந்தால் ஸ்டாக் செய்யும்போது (ஃப்ரேம்களை அடுக்கிச் சராசரி எடுக்கும்போது) சிக்மா கிளிப்பிங் (விலகி நிற்கும் மதிப்பை ஒதுக்கும் முறை) தின்றுவிடும். அதற்குக் குறைந்தால் தழும்பு தெரியும்.

எனக்கு ஒரு கேள்வி: ஒரு ஃப்ரேமுக்கு 180 நொடியா, 300-ஆ, 600-ஆ? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

அல்சூர் மாடி:
ஆளுக்கொரு வானம், ஆளுக்கொரு கேமரா, அதனால் ஆளுக்கொரு எண். கணக்குப் போட்டுப் பாருங்கள். ரீட் நாய்ஸை (ஃப்ரேமைப் படிக்கும்போது கேமரா சேர்க்கும் இரைச்சல், எலக்ட்ரானில்) வர்க்கப்படுத்தி 10-ஆல் பெருக்குங்கள். ஒரு பிக்சலில் வானப் பின்னணி மட்டும் அத்தனை எலக்ட்ரான் சேர எவ்வளவு நேரம் ஆகிறதோ அதுதான் ஃப்ரேமின் நீளம். அதற்கு மேல் நீட்டினால் லாபம் 5 சதவீதத்துக்குள்தான்.

உதாரணம்: ரீட் நாய்ஸ் 1.5 என்றால் வர்க்கம் 2.25, பத்தால் பெருக்கினால் 22.5. வானம் நொடிக்கு 0.1 எலக்ட்ரான் கொடுத்தால் 225 நொடி. வானத்தின் வேகத்தைக் கண்டுபிடிக்க ஒரு 300 நொடி ஃப்ரேம் எடுங்கள். நெபுலா இல்லாத மூலையின் மீடியனிலிருந்து அதே நீள டார்க்கின் (மூடி போட்டு எடுத்த ஃப்ரேம்) மீடியனைக் கழியுங்கள். மிச்சத்தை அந்த கெயினுக்கான (கேமராவின் பெருக்க அமைப்பு) எலக்ட்ரான் மதிப்பால் பெருக்கி 300-ஆல் வகுங்கள்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஐஎம்எக்ஸ்571 சென்சார் உண்மையான 16 பிட். ஐஎம்எக்ஸ்533 14 பிட். கேமரா மென்பொருள் அதை 4-ஆல் பெருக்கி 16 பிட் கோப்பாக எழுதும். எனவே முதலில் 4-ஆல் வகுக்க வேண்டும். 12 பிட் கேமராவென்றால் 16-ஆல். இதை விட்டுவிட்டால் 30 நொடியே போதும் என்று கணக்கு பொய் சொல்லும்.

பொம்மனஹள்ளி:
கணக்கெல்லாம் சரிதான் அண்ணா, ஆனால் மவுண்ட் (டெலஸ்கோப்பைச் சுமந்து வானத்தோடு திருப்பும் தாங்கி) ஒழுங்காக நின்றால்தானே? இந்த ஊர் 13 டிகிரி அட்சரேகை. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து அவ்வளவுதான் உயரம். அந்த உயரத்தில் பக்கத்து வீட்டு சின்டெக்ஸ் டேங்க் இல்லையென்றால் அதிர்ஷ்டம். போலார் ஸ்கோப்பை (துருவ நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்டை நேராக்கும் குழல்) கழற்றி வைத்துவிடுங்கள். வானத்தில் எங்கேயாவது மூன்று படம் எடுத்து, மவுண்டின் ஆர்ஏ அச்சை (வானத்தோடு சுழலும் அச்சு) திருப்பித் திருப்பி, தட்டுத் தீர்வு (படத்து நட்சத்திரங்களை வைத்து நோக்கும் இடத்தைக் கணிப்பது) மூலம் துருவப் பிழையைச் சொல்லும் வசதி நீனா மென்பொருளில் இருக்கிறது. துருவமே தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது எடைக்கம்பி. வெளிநாட்டு வீடியோக்களில் மவுண்ட் 40, 50 டிகிரியில் நிமிர்ந்து நிற்கும். இங்கே அது கிட்டத்தட்டப் படுத்துக்கொள்ளும். துருவத்தை நோக்கி நிற்கும் தொடக்க நிலையில் எடைக்கம்பி கிட்டத்தட்டச் செங்குத்தாகத் தொங்கி, வடக்கே நிற்கும் முக்காலிக் காலில் முட்டும். தீர்வு: முக்காலிக்கும் மவுண்டுக்கும் நடுவே 20 சென்டிமீட்டர் நீட்டுத் தூண், அல்லது எடையைக் கூட்டிக் கம்பியின் மேல் பக்கமே நிறுத்துவது. ரோசெட் நெபுலா நம் உச்சிக்கு 8 டிகிரி தெற்கே கடக்கிறது. அந்த நேரத்தில் கேமராவின் பின்புறம் முக்காலியைத் தொடுகிறதா என்று பகல் வெளிச்சத்திலேயே கையால் சுற்றிப் பாருங்கள்.

ஆஃப்-ஆக்ஸிஸ் கைடர் (ஓரத்து ஒளியைப் பிரிஸத்தால் திருப்பி, ஒரு நட்சத்திரத்தைத் தொடர உதவும் கருவி) வைத்திருப்பவர்கள் அதன் பிரிஸம் ஃபில்டர் சக்கரத்துக்கு முன்னால் இருக்கிறதா என்று பார்க்கவும். பின்னால் போனால் 3 நானோமீட்டரில் கைடு நட்சத்திரம் கிடைப்பது அரிது.

மல்லேஸ்வரம்:
ஃப்ளாட் (தூசி, ஓர மங்கலைத் திருத்தச் சீரான வெளிச்சத்தில் எடுக்கும் ஃப்ரேம்) பற்றி யாரும் பேசவில்லையே. ஒவ்வொரு ஃபில்டருக்கும் தனித்தனி ஃப்ளாட்; நடுவில் கேமராவைச் சுழற்றக் கூடாது. வெள்ளை எல்இடி பேனலில் ஆழ்ந்த சிவப்பு கம்மி. எனவே ஓ3-க்கு 2 நொடி போதும் என்ற வெளிச்சத்தில், 671.6, 673.1 என்ற எஸ்2 (கந்தக) கோடுகளின் ஃபில்டருக்கு அதைவிடப் பல மடங்கு ஆகும். ஓ3-க்கு வைத்த நேரத்தையே எஸ்2-க்கும் வைத்தால் ஃப்ளாட் இருண்டு, திருத்திய படத்தில் தூசி வளையங்கள் அப்படியே நிற்கும். 16 பிட் அளவில் 25,000 முதல் 30,000 வரை குறி வையுங்கள். பேனலை மங்கலாக்கி வெளிச்சத்தைக் குறைக்க நினைக்காதீர்கள். மங்கலாக்கும் சுற்று விளக்கை அணைத்து அணைத்து ஏற்றுவதால், குறுகிய எக்ஸ்போஷரில் பட்டை பட்டையாக விழும். பேனல் மேல் வெள்ளைக் காகிதம் போட்டு 2 நொடிக்கு மேலே வைத்துக்கொள்ளுங்கள். அதே நேரத்துக்கு மூடி போட்டு டார்க்-ஃப்ளாட்டும் எடுக்க வேண்டும்.

ஃபோகஸ்: எஃப்/5-இல் ஹெச்-ஆல்ஃபாவுக்கு ஃபோகஸ் தாங்கும் இடைவெளி சுமார் 80 மைக்ரான், ஓ3-க்கு 60 தான். ஃபில்டர் டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் மாற்றும்போதெல்லாம் ஃபோகஸ் பாருங்கள்.

விவேக் நகர்:
எதை எப்போது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்க நெபுலாவும் வெய்ல் நெபுலாவும் நள்ளிரவில் உச்சிக்கு வருவது ஜூலை, ஆகஸ்டில். அப்போது இங்கே மேகம்தான் மிச்சம். அக்டோபர், நவம்பர் முன்னிரவில் மேற்கே சாய்வதற்குள் பிடிக்க வேண்டும்; அதிலும் பாதி வடகிழக்குப் பருவமழைக்குப் போய்விடும். நம் அறுவடை டிசம்பர் முதல் ஏப்ரல் வரை: ஓரியன், குதிரைத்தலை, ரோசெட், ஜெல்லிமீன்.

பதிலுக்கு நமக்கு ஒரு சலுகை உண்டு. ஐரோப்பாக்காரர் வீட்டிலிருந்து பார்க்கவே முடியாத காரினா நெபுலா மார்ச் தொடக்கத்தில் நள்ளிரவில் 17 டிகிரி உயரத்தில் தெற்கைக் கடக்கும். அந்த உயரத்தில் நகரத்திலிருந்து ஓ3 முயற்சி வீண், ஹெச்-ஆல்ஃபா மட்டும் எடுங்கள். ஓ3-ஐ எதிலுமே 45 டிகிரிக்குக் கீழே எடுக்காதீர்கள். அரை நிலாவுக்கு மேல் இருந்தால் அன்றைக்கு ஹெச்-ஆல்ஃபா, எஸ்2. நிலா இல்லாத இரவை ஓ3-க்கு ஒதுக்குங்கள். நேரத்தைப் பங்கிடும்போது ஹெச்-ஆல்ஃபா 3 மணி என்றால் மற்ற இரண்டும் தலா 6 மணி. சமமாகப் பங்கிட்டால் ஓ3 போகும் நீலம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும்.

கே.ஆர். புரம்:
என்னிடம் கலர் கேமராதான் இருக்கிறது, டூயல்-பேண்ட் ஃபில்டர் (ஹெச்-ஆல்ஃபா, ஓ3 இரண்டையும் சேர்த்து விடுவது) போட்டால் தேறுமா? கடையில் இரண்டு கோடும் ஒரே நேரத்தில் வரும், பாதி நேரம் மிச்சம் என்கிறார்கள்.

ஜெயநகர் 4-வது பிளாக்:
தேறும் தம்பி, ஆனால் 'பாதி நேரம்' என்பது கடைக்காரர் கணக்கு. கலர் சென்சாரில் நான்கில் ஒரு பிக்சல்தான் சிவப்பு. ஹெச்-ஆல்ஃபா அதில் மட்டுமே விழும். ஓ3 பச்சையிலும் நீலத்திலும் விழுவதால் அதற்கு மூன்று பங்கு. நமக்குப் பஞ்சம் ஓ3-இல்தான் என்பதால், பெங்களூருக்கு இது மோசமான பேரமில்லை.

சிரில் மென்பொருள் இலவசம், அதில் ஹெச்-ஆல்ஃபா, ஓ3 இரண்டையும் தனித்தனிக் கோப்பாகப் பிரிக்கும் ஸ்கிரிப்ட் இருக்கிறது. டிபேயர் செய்யாமல் (கலர் படமாக மாற்றாமல்) அதை ஓட்டுங்கள். பிரித்தபின் ஹெச்-ஆல்ஃபாவைச் சிவப்பிலும், ஓ3-ஐப் பச்சை, நீலம் இரண்டிலும் போடுங்கள். ஓ3-ஐ அதிகமாக இழுக்க வேண்டியிருப்பதால் நட்சத்திரங்கள் நிறம் மாறி ஊதித் தெரியும். ஸ்டார்நெட் மென்பொருளில் அவற்றைக் கழற்றிவிட்டு, ஃபில்டர் இல்லாமல் எடுத்த 30 நொடி ஃப்ரேம் இருபதை ஸ்டாக் செய்து அந்த நட்சத்திரங்களைச் சேர்த்துவிடலாம். டிஎஸ்எல்ஆர் என்றால் மட்டும் யோசியுங்கள்: உள்ளே இருக்கும் அகச்சிவப்புத் தடுப்பான் 656-இல் பெரும்பகுதியை வெட்டிவிடும். அதை மாற்றாமல் டூயல்-பேண்டுக்குச் செலவழிப்பது வீண்.

கே.ஆர். புரம்:
ஃபில்டரை எந்தப் பக்கம் திருப்பி மாட்டுவது? அல்நிதாக் நட்சத்திரத்தின் பக்கத்தில் பெரிய வளையம் விழுகிறது.

ஜெயநகர் 4-வது பிளாக்:
கண்ணாடி மாதிரி அதிகம் மினுங்கும் பக்கம் டெலஸ்கோப்பை நோக்கி இருக்கட்டும். அப்படியும் வளையம் போகாவிட்டால் ஃபில்டரைச் சென்சாரிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி மாட்டிப் பாருங்கள். வளையத்தின் அளவு மாறினால் ஃபில்டருக்கும் சென்சாருக்கும் நடுவே ஒளி முட்டித் திரும்புகிறது என்று பொருள். மாறாவிட்டால் ஃபில்டருக்குள்ளேயே இரு பரப்புக்கும் நடுவே நடக்கிறது, அதற்கு ஃபில்டரைத்தான் மாற்ற வேண்டும்.