மறுமொழி: நூலகக் கல்வெட்டு – நவம்பர் 1 வாசகமும் பணமும்

சங்கத்து உறவுகளுக்கு,

ஊருக்குப் போயிருந்த மைனி அனுப்பிய படத்தைப் பார்த்திருப்பீர்கள். நூலகச் சுவரில் கருங்கல்லைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். வெள்ளைப் பெயிண்டில் எழுத்துகளை வரைந்தாகிவிட்டது. உளி வைப்பதுதான் பாக்கி. மூன்றாவது வரியைப் பெரிதாக்கிப் படியுங்கள்: "நவம்பர் 1 – புதுக்கடைத் துப்பாக்கிச் சூடு, குமரி இணைப்பு." இரண்டும் ஒரே நாளில் நடந்ததாம்!

தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லிப் போராடியவர்களை மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது 1954 ஆகஸ்ட் 11. அப்போது நம் ஊர் இருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை. அவருடைய சொந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவே அவரைப் பதவி விலகச் சொன்னார். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. இடையில் இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. மாநிலங்களைச் சீரமைக்க அமைத்த பசல் அலி ஆணையத்தின் அறிக்கை வந்ததும் அப்போதுதான். இணைப்புப் போராட்டத் தலைவர் நேசமணியும் அவரோடு நின்றவர்களும் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் நெய்யாற்றின்கரையும் நமக்குக் கிடைக்காமலே போயின. செத்தவர்களின் தேதியை மாற்றிக் கல்லில் வெட்ட நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

தோஹா அண்ணன் அதே தேதியில் நடந்த தேசிய நிகழ்ச்சிகளையும் சேர்க்கச் சொல்கிறார். 1858 விக்டோரியா அறிக்கை வேண்டாம் அண்ணா. கும்பினி ஆட்சி முடிந்து ராணியின் ஆட்சி வந்தது உண்மைதான். ஆனால் சமஸ்தானங்களோடு செய்த ஒப்பந்தங்கள் செல்லும் என்று அந்த அறிக்கையே சொல்லிவிட்டது. நம் ஊருக்கு அதற்குப் பிறகும் திருவிதாங்கூர் மகாராஜாதான். 1966-இல் ஹரியானா உருவானதும் வேண்டாம். 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி, காரைக்கால் நிர்வாகத்தை ஒப்படைத்தது வரட்டும்.

கேரளம் பிறந்ததும் அதே 1956 நவம்பர் 1 என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும். இங்கே என் அலுவலகத்தில் மலையாளிகள் ஆண்டு தவறாமல் கசவு உடுத்தி வந்து கேரளப் பிறவி கொண்டாடுகிறார்கள். ஒரே மாநிலச் சீரமைப்புச் சட்டம்தான் அவர்களுக்கு மாநிலத்தைக் கொடுத்தது, நம்மைத் தமிழகத்தில் சேர்த்தது. நம்மவர்களோ அன்று வாய் திறப்பதில்லை. தமிழ்நாடு நாள் ஜூலை 18 என்று அரசு அறிவித்த பிறகு இன்னும் மோசம். 1967 ஜூலை 18-இல் சட்டமன்றம் பெயர் மாற்றத் தீர்மானம் போட்டது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் குமரிக்காரனுக்கு நாள் நவம்பர் 1. எங்கள் பாட்டாவின் நிலப் பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அப்பா தமிழில் மனு எழுதினார். பத்மநாபபுரம் அரண்மனை நம் கல்குளத்தில் நிற்கிறது, இன்றும் கேரள அரசுதான் அதைப் பராமரிக்கிறது. இதையெல்லாம் யார் பிள்ளைகளுக்குச் சொல்வது?

வரியைத் திருத்தும்வரை உளி வைக்க வேண்டாம் என்று கல்தச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.

– ஷார்ஜாவிலிருந்து, கீழத்தெரு

* * *

தம்பி,

தேதியெல்லாம் நீ சொல்கிறபடியே இருக்கட்டும். எனக்குக் கணக்கு வேண்டும். கல்வெட்டுக்கு ஆளுக்கு 2,000 ரூபாய் கேட்கிறீர்களே, எழுத்துக்கு இவ்வளவு என்று தச்சர் கொடுத்த சீட்டு எங்கே? கோயில் கிணறு தூர்வாரிய மிச்சப் பணம் என்ன ஆனது என்று மூன்று மடல் எழுதிவிட்டேன், மேலத்தெரு மாமாவிடமிருந்து பதில் இல்லை. அன்று பஞ்சாயத்தில் அவருக்காக யார் பேசினார்கள் என்பது அவருக்கே தெரியும்.

இன்னொன்றும் அந்தப் படத்தில் இருக்கிறது, நீ பார்க்கவில்லை போலிருக்கிறது. கல்லின் கீழ்ப்பாதி முழுக்க நன்கொடையாளர் பெயர்கள். முதல் பெயர் மாமாவுடையது. நேசமணி பெயர் எங்குமே இல்லை. அந்தப் பட்டியலை எடுத்துவிட்டு அங்கே நான்கு தாலுகாக்களின் பெயரையும் நேசமணி பெயரையும் வெட்டுங்கள். எழுத்தும் குறையும், கூலியும் குறையும். அப்படியென்றால் என் பங்கை இன்றே அனுப்புகிறேன். என் பெயர் கல்லில் வேண்டாம்.

– குவைத் சித்தப்பா