சென்சார் மாற்றியும் இன்ஜின் விளக்கு அணையவில்லை, உங்களுக்கும் நடந்ததா?

தொப்பூர் மேடு

பிஎஸ்6 புகை விதிப்படி வந்த லாரி, பத்து சக்கரம். மஞ்சள் விளக்கு எரிந்தது, ஸ்கேனரில் பி20ஈஈ என்ற கோளாறு கோடு (code) வந்தது. நாக்ஸ் (புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடு) கோளாறு என்றால் எல்லோரும் சொல்வதைத்தான் எனக்கும் சொன்னார்கள்: "சென்சார் போயிருக்கும்." சைலன்சரில் ஒரு திருகு, சேஸிஸில் ஒரு சின்னப் பெட்டி, ஒரு கனெக்டர். இதற்குப் போய்ப் பட்டறையில் வண்டியை நிறுத்துவதா என்று நானே மாற்றிவிட்டேன். கோடை அழித்ததும் விளக்கும் அணைந்தது.

சேலத்தில் லோடு ஏற்றி ஓசூர் போகிறேன். தொப்பூர் மேட்டில் விளக்கு திரும்ப வந்தது, இழுவையும் விழுந்துவிட்டது. பின்னால் தக்காளி ஏற்றிய வண்டிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஓரங்கட்டினேன். கிளீனர் தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இங்க உப்பு பூத்திருக்கு" என்றான். நாக்ஸைக் குறைக்கப் புகையில் ஆட்புளூ என்ற யூரியா கரைசலைத் தெளிக்கும் இடத்தைத் தாண்டி வரும் கிளாம்பைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக யூரியா. கேஸ்கெட் வழியே புகை கசிந்திருக்கிறது. நாக்ஸ் சரியாகக் குறையவில்லை என்பதுதான் அந்தக் கோடுக்கு அர்த்தம், சென்சார் கெட்டது என்று அது சொல்லவே இல்லை.

கழற்றிய சென்சார் இன்னும் சீட்டுக்கு அடியில் கிடக்கிறது. அநேகமாக நல்ல சென்சார். அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. கேஸ்கெட் மாற்றியாயிற்று, இழுவையும் வந்துவிட்டது, விளக்கு மட்டும் போகவில்லை. யாருக்காவது தானாக அணைந்ததா?

பிக்கப் முத்து

பேட்டரி டெர்மினலைக் கழற்றி அரை மணி நேரம் விடுங்கள், போய்விடும். என் பிக்கப்பில் ஏர் ஃபில்டர் மாற்றிய பிறகு இப்படித்தான் எரிந்தது, கழற்றி மாட்டினேன், சரியாகிவிட்டது. ஸ்கேனர் வைத்திருப்பவன் பிழைக்க வேண்டுமே என்று நாம்தான் பயப்படுகிறோம்.

கரூர் டிப்பர்

முத்து அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வண்டியில் ஃபில்டர் மாற்றும்போது ஏதாவது கனெக்டர் லூசாகி, திரும்ப மாட்டியதில் சரியாகியிருக்கும். பேட்டரியைக் கழற்றியதால் போனது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எங்கள் டிப்பரில் ஆட்புளூ சம்பந்தப்பட்ட கோடு ராத்திரி முழுக்கப் பேட்டரியைக் கழற்றி வைத்தும் அழியவில்லை.

எங்கள் கதையில் கரண்டை வெட்டியதுதான் வினையே. டீசல் திருட்டுக்குப் பயந்து, சாவியைத் திருப்பிய கையோடு கட் ஆஃப் சுவிட்சையும் போடுவார் டிரைவர். இன்ஜின் நின்ற பிறகுதான் ஆட்புளூ பம்ப் குழாயில் மிச்சம் இருப்பதைத் தொட்டிக்கு இழுத்துக்கொள்ளும். அந்த 'உஸ்ஸ்' சத்தம் அடங்கும் முன் கரண்ட் போனால் மிச்சம் உள்ளேயே காய்ந்து கல்லாகிவிடும். பம்ப் மாற்றினோம், விளக்கு வந்தது. நாசிலைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்தோம், கொஞ்ச நாள் கழித்துத் திரும்ப வந்தது. கடைசியில் ஒரு ராத்திரி நான் பக்கத்தில் நின்றிருந்தபோது, சத்தம் தொடங்கிய நொடியே அவர் சுவிட்சைத் தட்டுவதைப் பார்த்தேன். அந்த 'டக்' இன்னும் காதில் இருக்கிறது.

பட்டறைக்காரர்

எனக்கு நேர்ந்தது சின்னது. பாடியில் ஒரு விரிசலுக்கு வெல்டிங் வைத்த மறுநாள் ஒருவர் விளக்கோடு வந்தார். பேட்டரியைக் கழற்றாமலே வைத்திருக்கிறார்கள், ஒரு சென்சார் காலி.

ஆனால் இங்கே எழுதுகிறவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. முதலில், கோடை அழிக்கும் முன் எழுதி வையுங்கள். அழித்துவிட்டு வந்து "என்னமோ நம்பர் காட்டிச்சு" என்றால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? அந்தக் கோடு பதிவானபோது இன்ஜின் எந்த வேகத்தில், எவ்வளவு சூட்டில் இருந்தது என்பதும் கூடவே பதிவாகியிருக்கும், அதுவும் அழிந்துவிடும். அப்புறம், ஆட்புளூவில் யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும். உர மூட்டை யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறார்கள், போர் தண்ணீர் கலக்கிறார்கள். ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டால் அளவு தெரிந்துவிடும். ஆட்புளூ ஊற்றும் புனலில் டீசல் ஒட்டியிருக்கவே கூடாது. எதை மாற்றுவதற்கு முன்பும் கனெக்டரைக் கழற்றிப் பின்னில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள், எர்த் ஒயரைச் சுரண்டிப் போடுங்கள், இன்டர்கூலர் ஹோஸ் கிளாம்பை இறுக்குங்கள். இதற்கெல்லாம் காசே ஆகாது. பிஎஸ்6 வந்தது 2020 ஏப்ரலில், இன்னும் பிஎஸ்3 வண்டி போலவே பார்க்கிறீர்கள்.

சங்ககிரி லோடு

என் வண்டியில் எலி. ஒயரை மட்டும் கடித்திருந்தது, நான் மூன்று பார்ட் மாற்றிவிட்டேன். இதற்கு மேல் கேட்காதீர்கள்.

பிக்கப் முத்து

டிப்பர் தம்பி, கனெக்டரை நான் தொடவே இல்லை. தொட்டேன் என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம்?

தொப்பூர் மேடு

பட்டறைக்காரர் ஐயா, நான் உர யூரியா ஊற்றவில்லை, கோடையும் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டது ஒன்றுதான்: தானாக அணையுமா?

கரூர் டிப்பர்

அணையும் அண்ணே. கோளாறு உண்மையிலேயே போயிருந்தால், வண்டி தன்னைத்தானே சோதித்துப் பார்த்து, அடுத்தடுத்து மூன்று ஓட்டத்தில் தவறு இல்லையென்றால் விளக்கை அணைத்துவிடும். ஆனால் சைலன்சர் நன்றாகச் சூடாக வேண்டும், ஊருக்குள் டீக்கடைக்குப் போய் வருவது கணக்கில் வராது. லோடோடு ஓசூர் போய் வாருங்கள். கிளாம்பில் மறுபடி வெள்ளை தெரிந்தால் போட்டோ போடுங்கள். அந்தப் பழைய சென்சாரை விற்பதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.