கொழும்பிலிருந்து இணையத் தமிழ் டிவி: சொந்த சேர்வரா, யூடியூபா?

வெள்ளவத்தையான்:

நாலு பேர் சேர்ந்து இணையத்தில் மட்டும் ஓடுற ஒரு தமிழ் டிவி தொடங்கப் பார்க்கிறோம். தினமும் இரவு 8 மணிக்கு அரை மணி நேரச் செய்தி, இடையிடையே கோயில் திருவிழா நேரலை, பழைய நிகழ்ச்சிகளுக்கு ஒரு கிடங்கு. கெமரா, லைட், எடிட்டிங் எல்லாம் கையில் இருக்கு. இழுபறி எதிலென்றால், யூடியூப்பில் போட்டால் கோடிச் சனலுக்குள் ஒரு சனல்தானே, சொந்த ஆப், சொந்த சேர்வர் என்று போவோம் என்கிறார் ஒருவர். பார்க்கிறவர்களே ஒருவருக்கொருவர் வீடியோவைப் பகிரும் பியர்-டு-பியர் பிளேயர் போட்டால் செலவே இல்லை என்கிறார் மற்றவர். ஒரே நேரத்தில் 500 பேர் பார்ப்பார்கள் என்று வைத்து, தெரிந்தவர்கள் கணக்குச் சொல்லுங்கோ.

கணக்குப்பிள்ளை:

அன்ரெனா டிவிக்குக் கோபுரம் ஒன்று. பத்துப் பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் கரண்ட் பில் அதேதான். இணையத்தில் ஆளுக்கொரு பிரதி போக வேண்டும், ஆள் கூடக்கூட பில்லும் ஏறும்.

போனில் பார்க்க 480பி தரம், ஏறத்தாழ 1.5 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 1.5 மெகாபிட்) என்று வையுங்கோ. அரை மணி நேரத்துக்கு ஒருவருக்கு 337 எம்பி. 500 பேருக்கு 169 ஜிபி, மாதம் 5 டிபி (5000 ஜிபி). வீடியோவைப் பல இடத்துச் சேர்வர்களில் வைத்துப் பார்க்கிறவருக்குக் கொடுக்கிற சிடிஎன் சேவை ஜிபிக்கு 3 டொலர் சதம் எடுத்தால் 150 டொலர். டொலரை 300 ரூபா என்று போட்டாலும் மாதம் 45,000 ரூபா. இது செய்திக்கு மட்டும். அந்தக் கணத்தில் வெளியே போகிற வேகம் 750 எம்பிபிஎஸ், ஆகவே வீட்டு ஃபைபரில் சேர்வர் வைக்கிற யோசனையை இப்பவே விட்டுவிடலாம்.

உங்கட செலவைவிடப் பெரிசு பார்க்கிறவரின் செலவு. தினமும் 337 எம்பி என்றால் மாதம் 10 ஜிபி. இங்கே நிறையச் சனம் யூடியூப், பேஸ்புக் மட்டும் ஓடுற மலிவுப் பக்கேஜில் இருக்கு. அவர்களுக்கு யூடியூப்பில் உங்கட செய்தி சும்மா. உங்கட ஆப்பில் திறந்தால் பொது டேட்டா கரையும். ஒரு கிழமைக்குள் ஆப்பை அழித்துவிடுவார்கள்.

பியர்-டு-பியர் புது யோசனை இல்லை. ஸ்கைப்பைத் தொடங்கிய சென்ஸ்ட்ரோமும் ஃப்ரீஸும் 2007இல் ஜூஸ்ட் என்ற இணைய டிவியை இதே அடிப்படையில்தான் கொண்டுவந்தார்கள். அதற்குத் தனி மென்பொருள் இறக்க வேண்டியிருந்தது. யூடியூப் பிரவுசரிலேயே ஓடியது. பணமும் பெயரும் இருந்தும் நிலைக்கவில்லை. எங்கட ஊரில் இன்னும் இரண்டு சிக்கல். மொபைல் கொம்பனிகள் பல போன்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதால் போனுக்குப் போன் நேரடி இணைப்பு அடிக்கடி கிடைக்காது. கிடைத்தாலும், அடுத்தவனுக்கு அனுப்புற டேட்டாவும் பார்க்கிறவரின் பக்கேஜில்தான் கழியும். அது தெரிய வந்தால் திட்டுத்தான் விழும்.

கம்பிவால்:

கணக்கு சரி. ஆனா யூடியூப்பும் சும்மா இல்லைங்க. கோயில் நேரலைன்னு சொன்னீங்களே, அங்கதான் அடி விழும். நாதஸ்வரக்காரர் நடுவுல சினிமாப் பாட்டுக்குப் போவார், பக்கத்துக் கடை ஸ்பீக்கர்ல வேற பாட்டு ஓடும். உரிமையுள்ள பாட்டைத் தானா கண்டுபிடிக்கிற யூடியூப்போட கன்டென்ட் ஐடி அதைப் பிடிச்சா வருமானம் பாட்டுக்காரருக்குப் போகும். நேரலையே நின்னுபோறதும் உண்டு. அதனால சுற்றுச் சத்தத்துக்கு ஒரு மைக், வர்ணனைக்கு ஒரு மைக், மிக்ஸர்ல தனித்தனியா சத்தத்தை ஏத்தி இறக்குற ஃபேடர். சினிமா மெட்டு தொடங்கினதும் சுற்று மைக்கை இறக்க ஒரு ஆளைப் பக்கத்துல நிறுத்துங்க. நேரலை அனுப்புற மென்பொருளான ஓபிஎஸ்ல ரெக்கோர்டிங்கை எம்கேவி கோப்பா வச்சு, டிராக் 1ல எல்லாம், டிராக் 2ல வர்ணனை மட்டும்னு பிரிச்சா, பிறகு கிடங்குக்கு ஏத்தும்போது பாட்டு வந்த இடத்தை மட்டும் மாத்திடலாம்.

அடுத்தது இணைப்பு. ஆடிவேல் திருவிழாத் தேர் செட்டியார் தெருவுல புறப்படுற நேரம் அங்க நிக்கிற எல்லாரும் பேஸ்புக் லைவ் போடுவாங்க. காலையில டெஸ்ட் பண்ணப்போ 15 எம்பிபிஎஸ் அப்லோட் காட்டின 4ஜி, தேர் வர்றப்போ 1க்கு விழும். பக்கத்துக் கடை ஃபைபரைப் பேசி வாங்கி, 4ஜியை மாற்றா மட்டும் வையுங்க. நீங்க அனுப்புற வேகத்தைப் போல இரண்டு மடங்கு அப்லோட் இருக்கணும்: 720பிக்கு 3 அனுப்பினா 6.

4ஜியில, யூடியூப்புக்கு வழக்கமா நேரலை அனுப்புற ஆர்டிஎம்பி முறை வேணாம், ஒரு தடுமாற்றத்துக்கே படம் உறைஞ்சிடும். வழியில தொலைஞ்சதைத் திருப்பிக் கேட்டு வாங்குற எஸ்ஆர்டி முறையில மும்பையிலயோ சிங்கப்பூர்லயோ ஒரு சின்ன சேர்வருக்கு அனுப்பி, அங்கிருந்து ஆர்டிஎம்பில யூடியூப்புக்குத் தள்ளுங்க. இதுல எல்லாரும் விழுற குழி ஒண்ணு: ஓபிஎஸ்ல எஸ்ஆர்டி முகவரியோட போடுற லேட்டன்சி (தாமத நேரம்) மைக்ரோ செக்கனுல. 2 செக்கனுக்கு 2000000 போடணும். மில்லி செக்கன்னு நினைச்சு 2000 போட்டா நீங்க கேட்டது வெறும் 2 மில்லி செக்கன். தொலைஞ்ச பாக்கெட்டை (டேட்டாத் துண்டை) திருப்பி வாங்க நேரம் போதாது. பிறகு எஸ்ஆர்டியே சரியில்லைம்பாங்க!

புதுச் சனல்ல நேரலையை முதல் தடவை திறக்க 24 மணி நேரம் வரை ஆகும். திருவிழா அன்னைக்குக் காலையில போய் அழுத்தாதீங்க.

வெள்ளவத்தையான்:

இரண்டு பேருக்கும் நன்றி. நேரலைக்கு யூடியூப் என்று வைப்போம். வெளிநாட்டில் இருக்கிற எங்கட ஆட்களுக்காவது காசு கட்டிப் பார்க்கிற தளம் ஒன்று வைக்கலாம்தானே?

கணக்குப்பிள்ளை:

வைக்கலாம், ஆனால் நேரலைக்கு இல்லை. கொழும்பில் இரவு 8 மணி என்றால் லண்டனில் கோடையில் பிற்பகல் 3.30, டொரன்டோவில் காலை 10.30. எல்லாரும் வேலையில். அவர்களுக்குக் கிடங்குதான் சரக்கு. கேட்ட நேரத்தில் கேட்ட கோப்பைக் கொடுப்பது நேரலையைவிட லேசு, ஒரே நேரத்தில் நெரிசலும் வராது.

கிடங்கில் போடுற ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் உரிமை வாங்குங்கோ. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை இருக்கு. நடித்தவர் "போடு தம்பி" என்று வாயால் சொன்னது காணாது.

யூடியூப் விளம்பரத்தில் நீள வீடியோவுக்கு உங்களுக்கு 55 வீதம். அதற்கு 1000 சந்தாதாரரும், 12 மாதத்துக்குள் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டால், தனியாள் கணக்கில் உலக வருமானம் முழுவதிலும் 24 வீதம் வரை பிடிப்பார்கள். முதல் நாளே நிரப்புங்கோ.

கம்பிவால்:

தளம் கட்டுறதுன்னா வீடியோவை எச்எல்எஸ்ஸா (சின்னத் துண்டுகளும் அதுக்கொரு பட்டியலுமா) வெட்டுங்க: 6 செக்கன் துண்டு, 240பி, 480பி, 720பி மூணு தரம். கீஃப்ரேமை (முழுசா பதிவாகிற படத்தை) 2 செக்கனுக்கு ஒண்ணுன்னு பூட்டி, காட்சி மாறும்போது தானா கீஃப்ரேம் போடுறதை நிறுத்திடுங்க. இல்லேன்னா மூணு தரத்துலயும் துண்டு ஒரே இடத்துல வெட்டுப்படாது, சிக்னல் குறைஞ்சு தரம் மாறுற இடத்துல படம் குதிக்கும். ஒலி எல்லாத்துலயும் 48 கிலோஹெர்ட்ஸ்.

பின்னாடி நேரலையையும் அங்கயே கொண்டு வந்தா சிடிஎன்ல ஒண்ணைப் பாத்துக்கங்க. துண்டுகளோட எம்3யு8 பட்டியலை 1, 2 செக்கனுக்கு மேல கேஷ் பண்ண (பிரதி எடுத்து வச்சுக்க) விடாதீங்க. துண்டுகளை எவ்வளவு நேரமும் வைக்கலாம். ரெண்டுக்கும் ஒரே விதி போட்டா பிளேயர் பழைய பட்டியலையே திரும்பத் திரும்ப வாங்கி, கடைசித் துண்டு முடிஞ்சதும் சுத்திக்கிட்டே நிக்கும். சேர்வர் லொக்ல (பதிவேட்டுல) பிழை எதுவும் காட்டாது, எல்லாம் 200, அதாவது சரின்னுதான் இருக்கும்.